தேதி கேட்கும் தம்பி

வாசகி கடிதம்:

ஐயா, நான் கடலூர் முதுநகரில் பிறந்தவள். ஆற்காடு லுத்தரன் சபையில் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, 15 வயதில் திடப்படுத்தலும் (விசுவாசத்தை நானே அறிக்கையிடும் சடங்கு) எடுத்தேன். புதுச்சேரியில் ஒரு கத்தோலிக்கக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டு 19 வருடம் ஆகிறது. என் தம்பி மூன்று வருடத்துக்கு முன் வேறொரு சபைக்குப் போய் முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தான். குடியை விட்டுவிட்டான், அதற்குத் தினமும் நன்றி சொல்கிறேன். போன வருடம் அப்பா ஜிப்மரில் இறந்தார். கடைசி வாரம் அவருக்கு யாரையும் அடையாளம் தெரியவில்லை, இயேசு கற்றுத்தந்த பரமண்டல ஜெபத்தை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்த அன்றே தம்பி, "அப்பா நல்ல மனுஷன்தான் அக்கா, ஆனா இரட்சிக்கப்படலையே" என்றான். "நீ எந்தத் தேதியில இரட்சிக்கப்பட்ட, சொல்லு பார்ப்போம்" என்று என்னையும் கேட்கிறான். எனக்கு அப்படி ஒரு நாள் இல்லை. என் அத்தை, அதாவது மாமியார், பூசைக்குக் கொடுக்கிறார், மெழுகுவர்த்தி ஏற்றுகிறார், வில்லியனூர் மாதா கோவிலுக்கு நடந்தே போகிறார். அவர் கிரியையினால் (நற்செயல்களால்) இரட்சிப்புத் தேடுகிறவராம். 2015 வெள்ளத்தில் அப்பா அம்மாவுக்கு நான்கு நாள் சோறு போட்ட பக்கத்து வீட்டு அக்கா, பாடலீஸ்வரர் கோவிலுக்குப் போகிறவர். அவருக்கு நரகம்தானாம். நான் மறுபடி முழுக்கு எடுக்க வேண்டுமா? அப்பா எங்கே இருக்கிறார்? அடுத்த மாதம் அப்பாவின் முதல் வருட நினைவு நாள். அத்தை அவருக்காக ஒரு பூசை வைக்கிறேன் என்கிறார். நான் போகலாமா? தூக்கம் வருவதில்லை ஐயா.

பெயர் வேண்டாம், புதுச்சேரி.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

பல கேள்விகள் கேட்டிருக்கிறீர்கள். தூக்கத்தைக் கெடுப்பது ஒன்றுதான், அப்பா. அங்கிருந்தே தொடங்குகிறேன். சுற்றிவிட்டு மறுபடி அங்கேதான் வருவேன்.

உங்கள் அப்பா இரட்சிக்கப்படவில்லை என்று சொல்லும் அதிகாரம் தம்பிக்கு இல்லை. இரட்சிக்கப்பட்டார் என்று முத்திரை குத்தித் தரும் அதிகாரம் எனக்கும் இல்லை. 35 வருடம் போதகராக அங்கி போட்டவன்தான், எத்தனையோ அடக்க ஆராதனை நடத்தியவன்தான். இருந்தாலும் இல்லை. கொரிந்து சபையில் 'நான் பவுலைச் சேர்ந்தவன், நான் அப்பொல்லோவைச் சேர்ந்தவன்' என்று பிரிந்து யார் உசத்தி என்று அளந்துகொண்டிருந்தபோது, கர்த்தர் வரும்வரை காலத்துக்கு முன்னே எதைக்குறித்தும் தீர்ப்புச் சொல்லாதிருங்கள் என்று பவுல் எழுதினார். அந்த வரி பிணத்துக்கு மட்டும் விதிவிலக்கு வைக்கவில்லை. அடக்கம் முடிந்த அன்றே அக்காவிடம் தம்பி பேசிய பேச்சு இறையியலாகச் சரியா தப்பா என்பதெல்லாம் அப்புறம். முதலில் அது இங்கிதம் கெட்ட காரியம். அதை நீங்களே அவனிடம் சொல்லலாம். அக்காவுக்கு அந்த உரிமை உண்டு.

நானும் லுத்தரன் மரபில் வளர்ந்தவன். இந்தப் பதிலில் அந்தச் சாய்வு இருக்கும். எங்கே சாய்கிறேன் என்று முடிந்தவரை சொல்லிக்கொண்டே போகிறேன்.

உங்கள் வீட்டில் மூன்று பேர், மூன்று சொல். நீங்கள் 'இரட்சிப்பு' என்கிறீர்கள், சிறுவயதிலிருந்து வாசித்த பழைய மொழிபெயர்ப்பில் அப்படித்தான் இருக்கிறது. அத்தையிடம் இருக்கும் திருவிவிலியம் 'மீட்பு' என்கிறது. தம்பியின் சபையில் "பிரதர், நீங்க சேவ்டா?" என்பார்கள். நீங்கள் கிருபை என்பதை அத்தை அருள் என்பார், நீங்கள் விசுவாசம் என்பதை அவர் நம்பிக்கை என்பார். தரங்கம்பாடியில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு முழுதாக அச்சேறியது. 300 வருடத்துக்கு மேலாகச் சொற்களை மாற்றி மாற்றிப் பார்த்துவருகிறோம். நம் குடும்பச் சண்டைகளில் கணிசமான பங்கு இந்தச் சொற்களுடைய சண்டை என்பது என் அனுபவம்.

மூலத்தில் இருக்கும் கிரேக்கச் சொல் 'சோசோ'. அது கோட்பாடு ஆவதற்கு முன்னால் வெறும் பேச்சுச் சொல். காப்பாற்று, பிழைக்க வை, சுகமாக்கு என்று இடத்துக்குத் தக்கபடி பொருள். படகில் புயலுக்குப் பயந்த சீஷர்கள் "ஆண்டவரே, எங்களை இரட்சியும், மடிந்துபோகிறோம்" என்று அலறினார்களே, அது இந்தச் சொல். தண்ணீரில் நடக்கப்போய் அமிழ்ந்த பேதுரு "ஆண்டவரே, என்னை இரட்சியும்" என்று கத்தியதும் இதுதான். 12 வருடமாக இரத்தப்போக்கில் கஷ்டப்பட்ட பெண்ணிடம் "மகளே, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது" என்று இயேசு சொன்னபோதும் இதே சொல்தான். அந்த அம்மாளுக்கு அன்று கிடைத்தது நின்றுபோன இரத்தமும், கூட்டத்தின் நடுவே 'மகளே' என்ற கூப்பிடுதலும்.

கடலூர்க்காரியான உங்களுக்கு இதற்கு உரை தேவையில்லை. 2004 டிசம்பர் 26 காலையில் தேவனாம்பட்டினத்தில் தண்ணீரிலிருந்து இழுத்துப் போடப்பட்டவர்களிடம் மணி என்ன என்று கேட்டால் சொல்ல மாட்டார்கள். யார் கையைப் பிடித்தார் என்று கேட்டால் சொல்வார்கள்.

திருப்பாதிரிப்புலியூர்ப் பக்கம் கரையேறவிட்டகுப்பம் என்று ஓர் இடம் இருக்கிறதே, சின்ன வயதில் கேள்விப்பட்டிருப்பீர்கள். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட நாவுக்கரசர் கரை சேர்ந்த இடம் என்று சைவர்கள் போற்றுவது. அது அவர்களுடைய சொத்து. அதைப் பிடுங்கி நம் பிரசங்கத்துக்கு எடுத்துக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. ஆனால் தமிழ்ப் பிள்ளையாக அந்தப் பெயரைக் கவனியுங்கள். 'கரையேறிய' குப்பம் என்று வைக்கவில்லை, 'கரையேறவிட்ட' குப்பம். நீந்திய கெட்டிக்காரத்தனம் பெயரில் இல்லை, ஏற்றிவிட்டவர் இருக்கிறார். பவுல் இரட்சிப்பைப் பற்றி எழுதும்போதும் பெரும்பாலும் செயப்பாட்டு வினைதான். இரட்சிக்கப்பட்டீர்கள், அழைக்கப்பட்டீர்கள், நீதிமானாக்கப்பட்டீர்கள். எழுவாய் நாம், செய்தவர் வேறு.

சரி, எதிலிருந்து காப்பாற்றுவது? தம்பியின் சபையில் 'நரகத்திலிருந்து' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். பைபிள் அதைவிட விரிவாகப் பேசுகிறது. 'எல்லாரும் பாவஞ்செய்து, தேவமகிமையற்றவர்களாகி' என்று ரோமர் 3ஆம் அதிகாரம் சொல்லும்போது, பாவம் என்பது பொய், திருட்டு, குடி என்ற பட்டியல் மட்டுமில்லை. பட்டியல் நோயின் கொப்புளங்கள். நோய், மனிதன் தன்னைப் படைத்தவரை விட்டு விலகித் தன்னைச் சுற்றியே சுருண்டு கிடப்பது. தமிழில் 'பாவம்' என்ற சொல்லுக்கு இன்னொரு பயன்பாடு உண்டே, அடிபட்டவனைப் பார்த்தால் "ஐயோ பாவம்" என்போம். குற்றவாளிக்கும் பரிதாபத்துக்குரியவனுக்கும் ஒரே சொல். கிறிஸ்தவ நம்பிக்கையில் மனிதன் இந்த இரண்டுமாக ஒரே நேரத்தில் நிற்கிறான்.

அத்தையின் 'மீட்பு' எனக்குப் பிடித்த சொல், லுத்தரனாக இருந்தும் சொல்கிறேன். அடகுக் கடையில் வைத்த நகையை மீட்டிருப்பீர்கள். நகை தானாக எழுந்து வீட்டுக்கு வராது. உள்ளே இருக்கும் நாளெல்லாம் அது உங்கள் நகைதான், ஆனால் உங்கள் கழுத்தில் இல்லை. யாரோ பணத்தோடு போய் நிற்க வேண்டும். மனுஷகுமாரன் 'அநேகரை மீட்கும்பொருளாகத்' தம் ஜீவனைக் கொடுக்க வந்தார் என்று மாற்கு எழுதுவது இந்தச் சந்தைப் படத்தைத்தான். உடனே சிலர் "யாரிடம் வைத்திருந்தது, வட்டி யாருக்குப் போனது" என்று கேட்பார்கள். பழைய காலத்திலும் கேட்டார்கள், விலை பிசாசுக்குக் கொடுக்கப்பட்டதா என்று வாதாடினார்கள். படத்தை அவ்வளவு தூரம் இழுக்கக் கூடாது. சிலுவையைச் சொல்ல வேதத்தில் இன்னும் படங்கள் உண்டு. நீதிமன்றத்தில் குற்றவாளி விடுவிக்கப்படுவது, பகையாளிகள் ஒப்புரவாவது, பலி, மரணத்தை ஜெயிப்பது. எந்த ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டாலும் கணக்கு இடிக்கும். எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்று: மனிதன் திருப்பிக் கட்ட முடியாததைக் கடவுளே கிறிஸ்துவில் ஏற்றுக்கொண்டார். இதில் உங்கள் சபை, அத்தையின் சபை, தம்பியின் சபை மூன்றுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. கொஞ்சம் நிறுத்தி இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள், வீட்டில் யாரும் அதைச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

இந்த இரட்சிப்பு உயிர் பறந்து மேலே போய்விடுவதோடு முடிகிற காரியமும் இல்லை. நம்மூர்க் கிறிஸ்தவர்களில் பலர் வீடுபேற்றையும் இதையும் கலந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு ஞாயிறும் விசுவாசப் பிரமாணத்தின் கடைசியில் என்ன சொல்கிறீர்கள்? சரீரம் உயிர்த்தெழுதல். உடம்பும் படைப்பும் சேர்ந்தே மீட்கப்படும் என்பதுதான் பழைய திருச்சபையின் நம்பிக்கை.

இனி தேதி. தம்பி கேட்பது பிழையான கேள்வி என்று சொல்ல மாட்டேன், குறைக் கேள்வி. எபேசியர் 2இல் பவுல் 'கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள்' என்கிறார். அது முடிந்த காரியம். கொரிந்தியருக்கு எழுதும்போது 'இரட்சிக்கப்படுகிற நமக்கோ' என்கிறார், நடந்துகொண்டிருக்கிறது. ரோமருக்கு, நாம் விசுவாசிகளானபோது இருந்ததைவிட இப்போது இரட்சிப்பு அதிக சமீபமாயிருக்கிறது என்கிறார், இனிமேல்தான் வரப்போகிறது. ஒரே மனுஷர், ஒரே சொல், மூன்று காலம். தம்பி முதல் காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வித்தாள் தயாரித்திருக்கிறான்.

தேதி சொல்லக்கூடியவர்கள் இருக்கிறார்கள், அவர்களைக் கேலி செய்யக் கூடாது. பவுலுக்கு, தமஸ்கு போகும் வழியில் இயேசு தடுத்தாட்கொண்ட நாள் இருந்தது. மெதடிஸ்ட் சபைக்கு வித்திட்ட ஜான் வெஸ்லிக்கு 1738 மே 24, லண்டன் ஆல்டர்ஸ்கேட் தெரு, இரவு ஒன்பதாகக் கால் மணி இருக்கும் என்று நேரம்கூட அவரே எழுதிவைத்திருக்கிறார். நம் சபை மரபைத் தொடங்கிய மார்ட்டின் லுத்தர், ரோமர் நிருபத்துக்கு எழுதிய முன்னுரையை யாரோ வாசிக்க, கேட்டுக்கொண்டிருந்தபோது நெஞ்சுக்குள் ஒரு வெதுவெதுப்பு. ஆனால் அப்போதே வெஸ்லி குருப்பட்டம் பெற்றவர், அமெரிக்காவுக்கு மிஷனெரியாகப் போய்த் திரும்பியவர். அதற்கு முந்திய வருடங்களெல்லாம் கடவுளுக்கு அவர் அந்நியரா? பவுலின் சீடன் தீமோத்தேயுவை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்குத் தேதி எதுவும் எழுதப்படவில்லை. முதலில் பாட்டி லோவிசாளுக்குள்ளும் பிறகு தாய் ஐனிக்கேயாளுக்குள்ளும் இருந்த விசுவாசம் உனக்குள்ளும் இருக்கிறது என்று பவுல் எழுதுகிறார். பாட்டி மடியில் வந்த விசுவாசத்துக்கு எந்தத் தேதி போடுவது?

பேதுரு இன்னும் சிக்கல். வலையை விட்டு எழுந்த அன்றா? "நீர் கிறிஸ்து" என்று அறிக்கையிட்ட அன்றா? அதற்குப் பிறகுதானே மூன்று தடவை மறுதலித்தார். சேவல் கூவி, அழுது, கடற்கரையில் மீனும் அப்பமும் சாப்பிட்டபின் "என்னை நேசிக்கிறாயா" என்று மூன்று தடவை கேட்கப்பட்ட அன்றா? தம்பியிடம் இந்தக் கேள்வியைக் கேட்டுப் பாருங்கள். சண்டைக்கு வேண்டாம், நிஜமாகவே அவன் என்ன சொல்கிறான் என்று தெரிந்துகொள்ளக் கேளுங்கள்.

அவன் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. குடியில் கிடந்த ஒருவனுக்கு வாழ்க்கை இரண்டாக உடைகிறது, முன்பு, பின்பு. அந்த விளிம்பில் ஒரு தேதி இருக்கும், அது அவனுக்கு உயிர் தந்த தேதி. தான் ஏறிய படிக்கட்டில்தான் எல்லாரும் ஏறியிருக்க வேண்டும் என்று நினைப்பது புதிதாகக் கரை சேர்ந்தவர்களின் வழக்கமான அவசரம். அதோடு, பரம்பரைக் கிறிஸ்தவர்களான நமக்கு அவன் கேள்வி கொஞ்சம் குத்தத்தான் வேண்டும். பதிவேட்டில் பேர் இருக்கிறது, கிறிஸ்மஸுக்குப் புதுத்துணி இருக்கிறது, அதற்கு மேல் ஒன்றுமில்லை என்று வாழ்கிறவர்கள் நம் சபைகளில் குறைவில்லை. நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை, அப்படிப்பட்டவர்கள் தூக்கம் கெட்டுக் கடிதம் எழுதுவதில்லை.

அத்தை விஷயத்துக்கு வருகிறேன். கத்தோலிக்கர்கள் புண்ணியம் சேர்த்து மோட்சத்தை விலைக்கு வாங்கப் பார்க்கிறார்கள் என்று நம் பக்கத்தில் 500 வருடமாகச் சொல்லிவருகிறோம். 1517இல் லுத்தர் கேள்வி எழுப்பியபோது பாவ தண்டனைக் குறைப்புச் சீட்டுகள் காசுக்கு விற்கப்பட்டது நிஜம். ஆனால் அவர்களுடைய போதனை அது இல்லை. லுத்தருக்குப் பதில் சொல்வதற்காகக் கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து சங்கமே 1547இல், நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் மனிதனிடம் இருக்கும் எதுவும், விசுவாசமாகட்டும் கிரியையாகட்டும், அந்த அருளைச் சம்பாதித்துத் தராது என்று எழுதியிருக்கிறது. 1999 அக்டோபர் 31 அன்று ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரத்தில் கத்தோலிக்கத் திருச்சபையும் லுத்தரன் உலகக் கூட்டமைப்பும் ஒரு கூட்டு அறிக்கையில் கையெழுத்துப் போட்டன: நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே, கிறிஸ்துவின் மேலுள்ள விசுவாசத்தில் கடவுளால் ஏற்றுக்கொள்ளப்படுகிறோம், அந்தக் கிருபையே நம்மை நற்கிரியைக்கு அனுப்புகிறது என்று. மெதடிஸ்டுகள் 2006இல் அதோடு சேர்ந்தார்கள், பிறகு ஆங்கிலிக்கர்களும் சீர்திருத்தச் சபைகளும். நீங்கள் பிறந்த சபை லுத்தரன் உலகக் கூட்டமைப்பில் உறுப்பு. அதாவது உங்கள் பிறந்த வீடும் புகுந்த வீடும் இந்த விஷயத்தில் கையெழுத்துப் போட்டுச் சமாதானமாகி 20 வருடத்துக்கு மேல் ஆகிறது. உங்களிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

எல்லாம் தீர்ந்துவிட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். உத்தரிக்கிற ஸ்தலம் (மரித்தவர்கள் மோட்சத்துக்கு முன் தூய்மை பெறும் நிலை), புனிதர்களின் பரிந்துரை, தன் இரட்சிப்பைப் பற்றி ஒருவர் எந்த அளவு நிச்சயமாக இருக்கலாம் என்ற கேள்வி, இவற்றில் பிரிந்துதான் நிற்கிறோம். ஆனால் அத்தை வில்லியனூருக்கு நடப்பது கடனை அடைக்கவா, நன்றிக்கா என்று அவர் நெஞ்சுக்குத்தான் தெரியும். ஒரு நாள் கூட நடந்து பாருங்கள், வழியில் அவரே சொல்வார்.

தம்பிக்குப் பிடித்த எபேசியர் 2ஐயும் முழுதாக வாசிக்கச் சொல்லுங்கள். 8, 9ஆம் வசனங்களில் இது கிரியைகளினால் உண்டானதல்ல, தேவனுடைய ஈவு என்று வருகிறது. மனப்பாடம் செய்கிறவர்கள் அங்கே நிறுத்திவிடுகிறார்கள். அடுத்த வசனம், நற்கிரியைகளைச் செய்வதற்கே நாம் கிறிஸ்துவுக்குள் சிருஷ்டிக்கப்பட்டோம் என்கிறது. கிரியையில்லாத விசுவாசம் செத்தது என்ற யாக்கோபின் வரியும் அதே பைபிளில்தான் இருக்கிறது. லுத்தருக்கு அந்த நிருபம் பிடிக்காது, 'வைக்கோல் நிருபம்' என்றே எழுதிவிட்டார். எங்கள் ஆள் சறுக்கிய இடங்களில் அது ஒன்று என்பது என் கருத்து. மாமரம் காய்ப்பதால் மாமரம் ஆவதில்லை, மாமரம் என்பதால் காய்க்கிறது. ஒரு காயும் இல்லாவிட்டால் தோட்டக்காரர் அருகில் போய் உற்றுப் பார்க்கத்தான் செய்வார்.

ஞானஸ்நானம். முழுக்குதான் செல்லும் என்பவர்கள் சொல்வதில் பலம் இல்லாமல் இல்லை. கிரேக்கச் சொல்லுக்கு அமிழ்த்துதல் என்று பொருள், ரோமர் 6 அடக்கம்பண்ணப்படுவதோடு அதை ஒப்பிடுகிறது, விசுவாசித்து ஞானஸ்நானம் பெறுகிறவன் என்று மாற்கில் விசுவாசம் முன்னே வருகிறது. மறுபக்கம், 'திதாகே' என்ற மிகப் பழைய திருச்சபைக் கையேடு ஓடும் தண்ணீரில் கொடு, அது இல்லாவிட்டால் வேறு தண்ணீரில் கொடு, இரண்டும் இல்லாவிட்டால் தலையில் மூன்று தடவை ஊற்று என்கிறது. தண்ணீரின் அளவில் இரட்சிப்பு இல்லை என்று அப்போதே தெரிந்திருக்கிறது. குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதுதான் உண்மையான வாதம். குழந்தை ஒன்றும் செய்யாமல் பெற்றுக்கொள்வதாலேயே அது கிருபைக்கு நல்ல அடையாளம் என்று எங்கள் சபை சொல்கிறது, நானும் அதையே நம்புகிறேன். மறுபடி எடுப்பது, முதல் தடவை கடவுள் கொடுத்த வாக்கு செல்லவில்லை என்று சொல்வதாகும். 'ஒரே விசுவாசம், ஒரே ஞானஸ்நானம்' என்கிறது எபேசியர். அதனால் உங்களுக்கு என் ஆலோசனை, வேண்டாம். அதுவும் தம்பியின் வாயை அடைக்க எடுப்பது அறவே வேண்டாம். அது கடவுளிடம் போகும் காரியமாக இருக்காது.

ஆனால் இதை மெல்லிய குரலில்தான் சொல்கிறேன். 1527இல் சூரிச்சில் ஃபீலிக்ஸ் மான்ஸ் என்பவரை, பெரியவர்களுக்கு மறு ஞானஸ்நானம் கொடுத்ததற்காக ஆற்றில் அமுக்கிக் கொன்றார்கள். கொன்றது போப்பின் ஆட்கள் இல்லை, சீர்திருத்த நகரம். அந்தத் தண்ணீரை நினைத்தால் இந்த விஷயத்தில் சத்தம் போட எனக்கு வாய் வராது. தம்பியின் ஞானஸ்நானத்தை நீங்களும் இழிவாகப் பேசாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா. இதில் கிறிஸ்தவர்களுக்குள்ளே ஒருமித்த பதில் கிடையாது. இயேசுவின் பெயரை அறிக்கையிடாமல் யாருக்கும் இரட்சிப்பில்லை என்பவர்கள், 'இரட்சிக்கப்படும்படிக்கு வானத்தின் கீழெங்கும் வேறொரு நாமமில்லை' என்ற அப்போஸ்தலர் 4ஐக் காட்டுவார்கள். கத்தோலிக்கத் திருச்சபை, இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் 1964 ஆவணத்தில், தன் குற்றமின்றி நற்செய்தியை அறியாமல் கடவுளை உண்மையாகத் தேடி, மனச்சாட்சிப்படி நடக்க அவர் அருளால் முயல்கிறவர்களும் மீட்படைய முடியும் என்று எழுதியது. இரட்சகர் கிறிஸ்து ஒருவரே என்பதை நான் விடமாட்டேன், அது போனால் கிறிஸ்தவம் போயிற்று. அவர் யார் யாரைக் காப்பாற்றலாம் என்று அவருக்கு எல்லை போடுவது மட்டும் என் வேலை இல்லை. 'சர்வலோக நியாயாதிபதி நீதிசெய்யாதிருப்பாரோ' என்று ஆபிரகாம் கேட்ட கேள்வியில் நான் சாய்ந்து நிற்கிறேன். அந்த அம்மாவை 'தெரியாமலே கிறிஸ்தவர்' என்று தூக்கி வைப்பதும் எனக்குப் பிடிக்காது, அவர் அதைக் கேட்கவில்லை. வெள்ளத்தில் பசித்தவருக்குச் சோறு போட்டார். மத்தேயு 25இல் அந்தச் சோற்றை யார் தமக்கே போட்டதாகக் கணக்கு எழுதுகிறார் என்று தம்பிக்கும் தெரியும்.

இப்போது அப்பா. மகளின் முகம் மறந்துபோனது, மகன் பெயர் மறந்துபோனது, பரமண்டல ஜெபம் மட்டும் வாயில் இருந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். இப்படிப்பட்ட ஒருவரிடம் போய்த் தேதி கேட்க முடியுமா? இரட்சிப்பு நம் ஞாபகத்தில் இருந்தால் மறதி வந்த கிழவர்கள் எல்லாரும் தொலைந்தார்கள். சிலுவையில் தொங்கிய கள்ளன் கடைசி நேரத்தில் தன்னை நினைத்தருளும்படி கேட்டான். நினைவில் வைத்துக்கொள்ளும் பொறுப்பை அவன் இயேசுவிடம் கொடுத்துவிட்டான், அன்றைக்கே அவனுக்கு வாக்கும் கிடைத்தது. பேதுரு அமிழ்ந்தபோதும் பிடித்தது பேதுருவின் கை இல்லை.

தம்பிக்குத் தேதிதான் வேண்டும் என்றால், ஒரு தேதி இருக்கிறது. அப்பா ஞானஸ்நானம் பெற்ற சபையின் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும், கேட்டால் எடுத்துக் காட்டுவார்கள். லுத்தர் 1483 நவம்பர் 10 அன்று பிறந்து மறுநாளே, ஒரு நாள் குழந்தையாக, கத்தோலிக்கக் கோவிலில் ஞானஸ்நானம் பெற்றார். அந்த நாள் புனித மார்ட்டினின் திருநாள் என்பதால்தான் மார்ட்டின் என்று பெயர். போப்போடு அவ்வளவு சண்டை போட்டும் அந்த ஞானஸ்நானத்தை அவர் திருப்பிக் கொடுக்கவே இல்லை. மனம் கலங்கும்போதெல்லாம் "நான் ஞானஸ்நானம் பெற்றவன்" என்பதைத்தான் பிடித்துக்கொள்வார்.

பூசைக்குப் போங்கள். தம்பி கவனிக்காத விஷயம் ஒன்று அதில் இருக்கிறது. கத்தோலிக்கப் போதனைப்படி உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருப்பவர்கள் கடவுளின் அருளில் மரித்தவர்கள், மோட்சம் அவர்களுக்கு நிச்சயம். நரகத்துக்குப் போனவர்களுக்காக யாரும் பூசை வைப்பதில்லை. உங்கள் அப்பாவின் பெயரைச் சொல்லி அத்தை பூசைக்குக் கொடுக்கும்போது, அந்த லுத்தரன் மனுஷர் கிறிஸ்துவின் மக்களில் ஒருவர் என்ற நம்பிக்கையில்தான் கொடுக்கிறார். சொந்த மகன் சொல்லாததைச் சம்பந்தியம்மா சொல்கிறார். உத்தரிக்கிற ஸ்தலத்தை நாம் ஏற்பதில்லை, ஆனால் மரித்தவர்களுக்காக ஜெபிப்பதை நாங்கள் தடைசெய்யவில்லை என்று 1531இலேயே லுத்தரன் விசுவாச ஆவணத்தில் எழுதியாகிவிட்டது. அதனால் மனச்சாட்சி உறுத்த வேண்டாம். நன்மை (பூசையில் தரும் அப்பம்) வாங்கும் வரிசையில் மட்டும் நிற்காதீர்கள், அவர்கள் ஒழுங்கு அதை அனுமதிப்பதில்லை. இருந்த இடத்திலேயே இருந்து, அப்பா முணுமுணுத்த ஜெபத்தைச் சொல்லுங்கள். பூசையிலும் அந்த ஜெபம் வரும், வார்த்தைகள் கொஞ்சம் வேறாக இருக்கும்.

தம்பியையும் கூப்பிடுங்கள். பூசைக்கு வரமாட்டான் என்றுதான் நினைக்கிறேன். மத்தியானச் சாப்பாட்டுக்காவது வரச் சொல்லுங்கள். முதுநகரிலிருந்து பக்கத்து வீட்டு அக்காவையும் அவனையே வண்டி பிடித்துக் கூட்டிவரச் சொல்லுங்கள்.